கீழே ஓடுகிற எழுத்து

அம்மா பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சாயங்காலம் எடை போடும்போது தராசின் முகம் கணக்கப்பிள்ளையின் பக்கம் இருக்கும். அவர் சொல்வதுதான் எடை. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்தது போக மிச்சம்தான் அம்மாவின் செக்ரோல் நம்பருக்கு நேரே ஏறும்.

ஓய்வுபெற்றபோது கிடைத்த பி.எஃப். பணத்தை என் கணவர் ஷேரில் போட்டார். "உங்களுக்கெல்லாம் இது புரியாது" என்றார். டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்து பச்சையானால் வீட்டில் சிரிப்பு. சிவப்பானால் யாரும் வாய் திறக்கக் கூடாது. மூன்று வருடம் நானும் நிறத்தை மட்டுமே பார்த்தேன்.

பிறகு படிக்க உட்கார்ந்தேன். 1867இல் நியூயார்க்கில் எட்வர்ட் காலஹன் செய்த தந்தி இயந்திரம், பங்கு விலைகளைக் காகித நாடாவில் டிக் டிக் என்று அச்சடித்தது. அந்தச் சத்தம்தான் 'டிக்கர்'. இன்று திரையில் ஓடுவதும் அதேதான்: கம்பெனியின் சுருக்கப் பெயர், கடைசியாகக் கைமாறிய விலை, முந்தைய நாள் முடிந்த விலையிலிருந்து ஏற்றமா இறக்கமா என்பது. சில சேனல்களில் எத்தனை பங்கு கைமாறியது என்பதும் வரும். அவ்வளவுதான்.

நேற்று 100 ரூபாயில் முடிந்த பங்கு இன்று 98க்குக் கைமாறினால் சிவப்பு. அதை நாம் 60க்கு வாங்கியிருந்தால் சிவப்பிலும் லாபம். 140க்கு வாங்கியிருந்தால், நாளைக்கு 101 ஆகிப் பச்சை காட்டினாலும் நஷ்டம். நாம் வாங்கிய விலை அந்த வரியில் ஓடாது.

அன்று ராத்திரி கேட்டேன்: "அம்மா பணத்துல என்ன விலைக்கு வாங்குனீங்க? யார் பேர்ல?"

பதில் வர நாலு நாள் ஆனது. எல்லாம் அவர் பெயரில் இருந்தது.

விற்று வந்த பணம் போட்டதைவிடக் குறைவு. அதை அம்மாவின் வங்கிக் கணக்கில் போட வைத்தேன். கொஞ்சத்தை மட்டும் வைத்து அம்மா பெயரில் டிமேட் கணக்கு திறந்தோம். அம்மா திரையைப் பார்த்துக் கேட்டார்: "நம்ம டான்டீ இதுல ஓடுமா?"

"ஓடாதும்மா. அது முழுக்க அரசாங்கத்தோடது. பங்கு சந்தைக்கு வராது."

இப்போது மாதக் கணக்கு வந்தால் அம்மா என்னிடம் நீட்டுகிறார். முதலில் வாங்கிய விலையைப் படிக்கச் சொல்வார். டி.வி. பக்கம் திரும்புவது அதற்குப் பிறகுதான்.