பதின்மூன்றாவது சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அதுவும் குன்னூர் குளிரில், கம்பளியை உதறிவிட்டு எழுந்திருப்பவனைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? 'வீட்டில் ஏதோ பிரச்னை' என்றுதான் நினைக்கும். ஐந்து வருடமாக நான் அப்படித்தான் எழுந்துகொண்டிருக்கிறேன். அரை டிராயர், தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ். "நாப்பத்தாறு வயசுல இது தேவையா?" என்று கேட்டுக் கேட்டு, மனைவியும் ஓய்ந்துவிட்டார். இப்போதெல்லாம் "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்பதோடு சரி.

எங்கள் கோஷ்டி மொத்தம் பன்னிரண்டு பேர். ஒரு பல் டாக்டர், ரிட்டயர்டு மேஜர் ஒருவர், இரண்டு பேங்க் மேனேஜர்கள், ஒரு கணக்கு டீச்சர், இப்படி. பந்தயமெல்லாம் கிடையாது. சேர்ந்து போவோம், பேசுவோம், டீயும் வர்க்கியும் சாப்பிடுவோம், திரும்பி வருவோம். கூடுகிற இடம் சிம்ஸ் பார்க் வாசல். 1874-ல் உருவான பூங்கா. நாங்கள் போகிற நேரத்துக்கு கேட் திறந்திருக்காது. கம்பி வழியாக உள்ளேயிருக்கும் பெரிய மரங்களைப் பார்த்துக்கொண்டே டயருக்குக் காற்றடிப்போம். பக்கத்திலேயே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட். 1907-லிருந்து இருக்கிறது. நாய்க்கடி ஊசி மருந்துக்குப் பேர்போன இடம். சைக்கிள்காரர்கள் கூடுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவிலேயே கிடையாது என்பார் மேஜர். அவரை மூன்று தடவை நாய் துரத்தியிருக்கிறது.

ஒரு தடவை பேச்சுவாக்கில் நான் பி.காம். என்று சொல்லிவிட்டேன். போச்சு. அன்றைக்கே பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் வசூலித்து, பஞ்சர் சாமான், டீ செலவு, முதலுதவிப் பெட்டி என்று கணக்கு எழுத வேண்டும். கணக்கு எழுதுகிறவன் கையில்தான் சட்டமும் வந்து சேரும், கவனித்திருக்கிறீர்களா? எங்கள் கோஷ்டியின் விதிகளைக் கட்டிக் காப்பவனும் நானே ஆனேன். ஹெல்மெட் இல்லாமல் வரக்கூடாது. பிரேக் சரியாக இருக்க வேண்டும். யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது.

விதி போடுவது சைக்கிள்காரர்களுக்குப் புதிதல்ல. 1878-லேயே இங்கிலாந்தில் சைக்கிள் பயணத்துக்கென்று சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்து சைக்கிளில் பிரேக் என்பது பேருக்குத்தான். அதனால் செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் 'இது ஆபத்தான இறக்கம்' என்று அந்தச் சங்கங்களே பலகை நட்டுவைத்தன. பின்னால் வருகிறவன் யாரென்று தெரியாது. அவனுக்காக ஒரு பலகை. இந்தச் சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கள் கூட்டத்தில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், மூன்றாவது தடவை சொல்ல விடவில்லை.

நீலகிரிக்கு இந்த சைக்கிள் மோகம் பரவலாக வந்தது 2008-க்குப் பிறகு. அந்த டிசம்பரில்தான் 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' முதல் தடவையாக நடந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், பல நாள் பயணம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறுகிறவர்கள் அவர்கள். நாங்கள் அந்த ஜாதி இல்லை. எங்கள் வழக்கமான பாதை, சிம்ஸ் பார்க்கிலிருந்து லேம்ப்ஸ் ராக் வழியாக டால்பின்ஸ் நோஸ். போக சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். போகும்போது பெரும்பாலும் இறக்கம். திரும்பும்போதுதான் செய்த பாவமெல்லாம் ஞாபகத்துக்கு வரும்.

போன வருடம் நவம்பரில் ஒரு ஞாயிறு. நல்ல பனி. நான் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து நின்றான். பதினாறு வயது இருக்கும். ஸ்வெட்டர், லுங்கியில்லை, ஸ்கூல் பேன்ட். கையில் சைக்கிள். பார்த்தவுடனே தெரிந்தது, பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற சைக்கிள்.

"சார், நானும் உங்ககூட வரலாங்களா?"

நான் அவன் தலையைப் பார்த்தேன். குல்லாய்.

"ஹெல்மெட் இருக்கா தம்பி?"

"இல்லைங்க சார்."

"ஹெல்மெட் இல்லாம சேத்துக்க மாட்டோம்ப்பா. ரூல்ஸ். நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

"மெதுவாத்தான் வருவேன் சார்."

"அதுக்கில்ல. வாங்கிட்டு வா, சேத்துக்கிறோம்."

அவன் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பினான். டீச்சர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் செய்தது சரிதானே? இறக்கத்தில் விழுந்தால் தலைதான் முதலில் போகும். சட்டப்படி சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை, எங்கள் விதி அது. நல்ல விதி. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த சைக்கிள் எங்கள் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றபோது, 'இவனோட போனா எங்க போய்ச் சேர்றது' என்று ஒரு நினைப்பு ஓடியது. விதி அப்போது எனக்கு ரொம்ப சௌகரியமாக இருந்தது.

பிறகு வழக்கம்போல போட்டோ எடுத்தோம். கால் கைகளை நீட்டி மடக்கினோம். ஒருவருக்கு செயின் மாட்டிக்கொண்டது. கிளம்ப இருபது நிமிஷம்.

அந்தப் பாதையைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது. இரண்டு பக்கமும் இடுப்புயரத் தேயிலை. நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். சில இடங்களில் சோலைக்காடு ரோட்டை மூடிக்கொண்டு நிற்கும். பனி இறங்கினால் முன்னால் போகிறவரின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரியும். இ-பாஸ் வந்த பிறகும் ஒன்பது, பத்து மணிக்கு மேல் இங்கே கார்கள் வரிசைகட்டும். காலை ஆறரைக்கு இந்த ரோடு எங்களுக்கு மட்டும். மேலிருந்து இறங்கும்போது காதில் காற்றுச் சத்தம் மட்டும். நாற்பத்தாறு வயது காணாமல் போய்விடும். சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டது வரை ஞாபகம் வந்துவிடும்.

அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான், ஒரு வளைவுக்கு முன்னால், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சைக்கிள். பக்கத்தில் அந்தப் பையன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறான்.

எனக்குச் சுரீரென்றது. 'சேர்த்துக்கொள்ளவில்லை என்று வம்பு பண்ணுகிறான்.' சத்தியமாக அதுதான் முதலில் தோன்றியது. பிரேக்கை அழுத்தி, சறுக்கி, ஒருவழியாக நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"காட்டுமாடு சார். வளைவுல நிக்குது. கன்னுக்குட்டி இருக்கு."

எட்டிப் பார்த்தால், பனிக்குள் கறுப்பாக ஒரு சுவர். நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. ஆண் காட்டெருமை ஒரு டன் எடைவரை வரும். இது பெண். ஆனால் குட்டியோடு நிற்கிற பெண்ணுக்கு எடையா முக்கியம்? இன்னும் முப்பது அடி போயிருந்தால் முதல் ஆளாக நான்தான் அதன் மேல் மோதியிருப்பேன். ஹெல்மெட்டோடு.

பன்னிரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம்.

"உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்று மேஜர் கிசுகிசுத்தார்.

அவன் கையைக் காட்டினான். கொஞ்சம் தள்ளி இரண்டு அம்மாக்கள் பையோடு நின்றிருந்தார்கள். "பஸ் ஸ்டாப் அங்க இல்லைங்க. அவங்க சும்மா ரோட்டுல நின்னா, முன்னால மாடு நிக்குதுன்னு அர்த்தம். போனா தொந்தரவு பண்ணாது சார், அதுவா போற வரைக்கும் நிக்கணும்." ஐந்து வருடமாக இந்த ரோட்டில் போகிறேன். ரோட்டோரம் நிற்கிற பெண்களைப் பார்த்தால், வணக்கம் சொல்லி மணியடித்துவிட்டுப் போவேன். ஒரு அம்மா ஒருநாள் "ஏன் சாமி, பஸ்ஸு வரலையா?" என்று பரிதாபப்பட்டதைக் கட்டுரையாகக்கூட எழுதியிருக்கிறேன். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று யோசித்ததில்லை.

இருபது நிமிஷம் நின்றோம். அதற்குள் கொஞ்சம் பேசினோம். கீழே எஸ்டேட் லைனில் வீடு. தாத்தா பாட்டி இலங்கையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அம்மா கொழுந்து பறிக்கிறார். சைக்கிள் கொடுத்து மூன்று மாதமாகிறது.

"லைன்ல நிறைய பேரு இதை வித்துட்டாங்க சார். இங்க ஓட்ட முடியாதுன்னு. நான் விக்கல."

"காலையில எப்படி மேல வந்த?"

"தள்ளிட்டுத்தான். அஞ்சு மணிக்குக் கிளம்பினேன்."

எங்களோடு இறங்கி வருவதற்காக ஒரு மணி நேரம் இருட்டில் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறான். நான் ஒரு நிமிஷத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சமவெளியில் சைக்கிள் என்பது வேறு சமாசாரம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அதில் சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடம், குழந்தை, சந்தைச் சாமான் எல்லாம் கேரியரில் ஏறியது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற வேலை போயிற்று. அதே சைக்கிளை மலையில் கொடுத்தால்? கியர் இல்லாத சைக்கிள். முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் சின்னது. தட்டையான ரோட்டில் ஒரு மிதிக்கு நன்றாக ஓடும், ஏற்றத்தில் பெடல் நகராது. இங்கே கல்லாறிலிருந்து குன்னூர் ஏறுவதற்கு ரயிலுக்கே தண்டவாளத்துக்கு நடுவில் தனியாகப் பல் வைக்க வேண்டியிருந்தது. இந்த மலையில் அவன் சைக்கிள் பாதி வண்டி, பாதி சுமை. மிதிக்கிற அளவுக்குத் தள்ளவும் வேண்டும்.

மாடும் கன்றும் தேயிலைக்குள் இறங்கின. மேஜர் திரும்பி, "தம்பி, நீ வா எங்ககூட" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையனும்.

"மெதுவா போலாம்" என்றேன். வேறென்ன சொல்ல?

அன்றைக்கு டால்பின்ஸ் நோஸில் பனி விலகி, எதிர்ச் சரிவில் கேத்தரின் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பையன் அதைப் பார்க்கவில்லை. அது அவன் தினமும் பார்க்கிறது. எங்கள் கியர்களைத்தான் குனிந்து குனிந்து பார்த்தான். டாக்டர் தன் சைக்கிளைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். திரும்பி வந்து, "வெயிட்டே இல்ல சார்" என்றான். ஏற்றத்தில் அவன் இறங்கித் தள்ள ஆரம்பித்தபோது, கடைசியில் வந்துகொண்டிருந்த நானும் இறங்கித் தள்ளினேன். மரியாதைக்காக இல்லை. எனக்கும் முடியவில்லை. "இறக்கத்துல பிரேக்க அழுத்திப் புடிச்சிட்டே வராதீங்க சார், கட்டை சூடாயிரும். விட்டு விட்டுப் புடிங்க" என்றான். மூன்று மாதத்தில் அவன் இரண்டு தடவை பிரேக் கட்டை மாற்றியிருக்கிறான், அவனே. லைனுக்குப் பிரிகிற பாதையில் விடைபெற்றுக்கொண்டான்.

அந்த வாரம் கோயம்புத்தூர் போனபோது ஒரு ஹெல்மெட் வாங்கினேன். ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். சங்கப் பணம். கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொஞ்சம் குழம்பினேன். நன்கொடை என்றால் யாருக்கு என்று கேட்பார்கள், தவிர அந்த வார்த்தையே சரியாக இல்லை. 'பாதுகாப்புச் செலவு' என்று எழுதினேன். மாதக் கூட்டத்தில் ஒரு பேங்க் மேனேஜர், "இது யாருடைய பாதுகாப்பு?" என்று கேட்டார். "நம்மளோடதுதான் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு பையன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஹெல்மெட் என் சைக்கிளின் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு வந்து, தொங்கிக்கொண்டே திரும்பியது. லைனுக்குப் பிரிகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்துப் பார்ப்பேன், விட்டு விட்டு.

மூன்றாவது ஞாயிறு. ஆறு மணி. பனிக்குள்ளிருந்து ஒரு உருவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது. தலை மட்டும் பூசணிக்காய் சைஸில். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, மோட்டார் பைக் ஹெல்மெட். முகம் மூடிய, கண்ணாடி வைத்த ஹெல்மெட். உள்ளே மூச்சு முட்டி கண்ணாடி பூராவும் ஆவி. அதைத் தூக்கிவிட்டு, வேர்த்த முகத்தோடு கேட்டான்:

"மாமாவோடது சார். ஞாயித்துக்கெழம அவரு வண்டி எடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னாரு. இன்னைக்குத்தான் லீவு. இது செல்லுங்களா?"