பரணில் கிடந்த கோல்

உங்கள் வீட்டுப் பரணில் என்னென்ன கிடக்கின்றன என்று என்றைக்காவது ஏறிப் பார்த்ததுண்டா? எங்கள் வீட்டுப் பரணில் இரண்டு மங்குத் தட்டுகள், தாத்தாவின் தகரப் பெட்டி, துருப்பிடித்த பால்வெட்டுக் கத்தி ஒன்று, இவற்றோடு சாக்கில் சுற்றிய நீண்ட கம்பு ஒன்றும் கிடந்தது. அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் அந்தச் சாக்கை யாரும் பிரிக்கவில்லை. 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, நாடே கதவைச் சாத்திக்கொண்டபோதுதான் நான் அதைக் கீழே இறக்கினேன். காலையில் கைப்பேசி வழியே பாடம் நடத்திவிட்டால், பிற்பகல் முழுதும் வெறுமையாகக் கிடந்த காலம் அது.

சாக்குக்குள் இருந்தது ஒரு பில்லியர்ட்ஸ் கோல். கியூ என்பார்கள். அப்பா ஆட்டக்காரர் அல்லர். அப்படித்தான் அன்றுவரை நினைத்திருந்தேன். 1963 முதல் 1984 வரை, எங்கள் தோட்டத்தை அடுத்திருந்த துரைமார் கிளப்பில் அவர் மார்க்கர்.

மார்க்கர் என்றால் என்ன வேலை என்று இளைய வாசகர்களுக்குத் தெரிய நியாயமில்லை. துரை பந்தை அடித்துவிட்டு மேசையைச் சுற்றி நடப்பார். எண்ணிக்கையை உரக்கச் சொல்லிப் பலகையில் ஏற்றுவது மார்க்கர். குழியில் விழுந்த பந்தை எடுத்துத் துடைத்து உரிய புள்ளியில் வைப்பது மார்க்கர். ஆட்டம் முடிந்தபின் பன்னிரண்டடி மேசையின் பச்சைத் துணியை ஒரே திசையில் தூரிகையால் தள்ளி, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுவதும் அவர்தான். கோல்களின் தோல் முனை தேய்ந்தால் புதிது ஒட்டுவதும் அவர்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெற்றுக் கை. ஆடுவது மட்டும் அவர் வேலையில் சேராது.

இந்த ஆட்டத்துக்கும் நம்மவர்க்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற இராணுவ அதிகாரி (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரானவர் வேறு ஒருவர்) பழைய பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடிப் பார்த்தார். விதிகள் ஒழுங்கானது 1880களில், நம் நீலகிரியின் ஊட்டி கிளப்பில். 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்றார். எந்த விளையாட்டிலும் தனியாளாக உலக வெற்றி பெற்ற முதல் இந்தியர் அவரே. அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

நிற்க. கோலின் நிலைமையைச் சொல்கிறேன். தண்டெல்லாம் அழுக்கும் பழைய சாக்குத்தூளும் ஏறிப் பச்சையும் நீலமுமாய் இருந்தது. தோல் முனை இல்லை. பித்தளைப் பூண் ஆடியது. அடிப்பிடியில் ஒரு மூலை பெயர்ந்து, அந்த இடத்தில் வெளிறிய மரத்துண்டு ஒன்றை யாரோ ஒட்டியிருந்தார்கள். கருங்காலிப் பிடியின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருந்தது. செய்தவர் பெயர் பொறித்த வில்லை அங்கே இருந்திருக்க வேண்டும், விழுந்துவிட்டது. அந்தத் தட்டையில் வரிசையாகச் சில கீறல்கள்.

ஆசிரியப் புத்தியல்லவா, முதலில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு 80ஆம் எண் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன். முதலில் தேய்த்தது அந்தத் தட்டையைத்தான். கீறலாக இருக்கிறதே, வழவழப்பாக்கலாம் என்று. கருங்காலி இரும்பு போன்ற மரம். ஒரு பிற்பகல் முழுக்கத் தேய்த்துக் கை ஓய்ந்தபோது முக்கால் பங்கு மழமழவென்று ஆகியிருந்தது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தேன். அந்தச் சோம்பலுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஏன் என்பது பின்னால் வரும்.

தண்டிலும் இரண்டு நாள் கை வைத்துப் பார்த்தேன். மரம் மெலிந்ததே தவிர அழுக்குப் போகவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்ற ஞானம் அப்போதுதான் வந்தது. கட்டுப்பாடுகள் தளர்ந்து கடைகள் திறந்ததும் கிள்ளான் பட்டணத்துக்குப் போனேன். அங்கே கடைவரிசை ஒன்றின் மாடியில் ஸ்னூக்கர் கூடம். அதன் பின்கட்டில் கோல் பழுது பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர்.

அந்தப் படி ஏறுவதற்கு நான் பட்ட பாடு! எங்கள் இளமையில் ஸ்னூக்கர் கூடம் என்றால் புகை, பந்தயம், பள்ளிக்கு மட்டம் போடும் பையன்கள் என்றுதான் பொருள். நானே எத்தனை பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று அதட்டியிருக்கிறேன்! தலையைக் குனிந்துகொண்டு ஏறினால், மேலே நின்றவர் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனார். "வாங்க சார்" என்று அவர் சிரித்தார். யார் வெட்கப்பட்டது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

பெரியவரை எல்லோரும் ஆப்பேக் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைச் சிக்கு என்றார். பேச்செல்லாம் சந்தை மலாயில். அவர் கோலை வாங்கி, அடிப்பிடியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கி பிடிப்பவரைப் போல நுனிவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆட்ட மேசைமேல் வைத்து உருட்டினார். கோணல் இருந்தால் நுனி துள்ளும். துள்ளவில்லை. "இத்தனை வருஷம் எங்கே இருந்தது?" என்றார். பரணில் படுக்கை வாட்டத்தில் என்றேன். நல்லவேளை, சுவரில் சாய்த்து வைத்திருந்தால் நம் ஊர் ஈரக்காற்றுக்கு எப்போதோ வளைந்திருக்கும் என்றார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிள்ளான்தான். அவரிடம் நான் கற்றவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது பயன்படும். தண்டு ஆஷ் என்னும் மரம். நம் நாட்டில் வளர்வதில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்வது. அதன் ரேகைகள் தண்டின்மேல் அம்பு முனைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். பிடி கருங்காலி. (தோட்டத்துத் தொழிற்சங்கக் கூட்டங்களில் வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்தவனை இந்தப் பெயரால் வைதது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நல்ல மரத்துக்கு ஏன் அந்தப் பழியோ!) ஆஷ் தண்டும் கருங்காலியும் சேரும் இடத்தில் நான்கு ஈட்டி முனைகள் தெரியும். கையால் இணைத்த கோலில் அந்த முனைகள் மழுங்கி வளைவாக இருக்கும். இயந்திரத்தால் அறுத்து இணைத்ததில் ஊசிபோல் கூராக இருக்கும். அப்பாவின் கோலில் நான்கும் கூர். "கிளப் கோல், மலிவு" என்றார் ஆப்பேக், ஒளிக்காமல்.

பழைய மெருகு அரக்கு. அதற்கு உப்புத்தாள் வேண்டியதே இல்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் கரைந்து வந்துவிடும். அழுக்குக்கு ஈரத்துணி. ஈரம் பட்டதும் மரநார் சிலிர்த்து எழும். காயவிட்டு, 600ஆம் எண் தாளால் ரேகையின் போக்கிலேயே லேசாக வருட வேண்டும். அதிகம் தேய்த்தால் மரம் இளைத்துப் பூண் மட்டும் விளிம்பாக நிற்கும். நான் தேய்த்த தேய்ப்பில் சற்று அப்படித்தான் ஆகியிருந்தது. பூணையும் அரத்தால் இழைத்துச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். துளித் துளியாகத் தடவி, உள்ளங்கை சுடும்வரை தேய்த்து, ஒரு நாள் விட்டு மறுபடியும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும். தோல் முனை ஒட்டுவதை எழுதினால் இரண்டு பக்கம் போகும், விட்டுவிடுகிறேன். அந்தத் தோலைக் கண்டுபிடித்தவர் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர், அதுவும் சிறையில் இருந்தபோது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இடையில் எனக்கு ஓர் ஆசை வந்தது. நம் ரப்பர் மரத்தில் ஒரு கோல் செய்தால் என்ன? மறுநடவுக்குச் சாய்த்த மரத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து சட்டமாக அறுத்தேன். ஒரு வாரத்துக்குள் நீலம் பூத்துவிட்டது. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் வந்துவிடும். நாற்காலி மேசைத் தொழிற்சாலைகள் செய்வது அதைத்தான். என் சட்டம் காய்ந்தபோது வில்லாக வளைந்திருந்தது. ஆப்பேக் அதைப் பார்த்து அடக்க முடியாமல் சிரித்தார். நம் சதுப்புக் காட்டு ராமின் மரத்தில் மலிவான கோல்கள் செய்ததுண்டு என்றும், அது வெளிறிய நேர்ரேகை மரம் என்றும் சொன்னார். வெட்டி வெட்டி அருகிப்போய், 2005 முதல் ராமின் வணிகம் உலக ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆக, என் கோல் தயாரிப்பு அன்றோடு சரி. பழுது பார்ப்பதே என் கைக்கு ஏற்றது.

ஒரு சனிக்கிழமை, பிடிக்கு எண்ணெய் ஏற்றும்போது ஆப்பேக் மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தத் தட்டையை வெகுநேரம் பார்த்தார். "சிக்கு, இது கீறல் இல்லை. ஒரே நீளம், ஒரே இடைவெளி. யாரோ வேண்டுமென்றே போட்டது." நான் விட்டுவைத்திருந்த நான்கு கோடுகள் அவை. கைப்பேசியைத் திறந்து பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். பதினொன்று. ஆப்பேக் எதுவும் சொல்லவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா பிரிக்பீல்ட்ஸில் என் தங்கை வீட்டில் இருக்கிறார். மறுநாளே கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு கிள்ளானிலிருந்து கொமூட்டர் ரயில் ஏறினேன். ஒரே துண்டான கோல். என் தோள்வரை வரும். கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை மீன் பிடிக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல்தான் எல்லோரும் பார்த்தார்கள். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைக்காரம்மா ஒருவர், "என்ன சார், காவடிக் கம்பா?" என்று கேட்டேவிட்டார்.

அம்மா கோலை மடியில் கிடத்திக்கொண்டார். பார்வை இப்போது மங்கல். விரலால்தான் தடவினார். ஒட்டுப்போட்ட மூலை வந்ததும், "இது அப்பா வச்ச துண்டு. கத்திப் பிடியில அறுத்தது. மூல பேந்த கம்ப எந்தத் தொர தொடுவாரு? அதனால அப்பாவே வச்சுக்கிட்டாரு" என்றார். விரல் தட்டைக்கு வந்தது. நின்றது.

"மத்ததெல்லாம் எங்கப்பா?"

நான் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை.

"அது கீறல் இல்லப்பா. அப்பா ஆணியால போட்ட கோடு. எல்லாரும் போன பெறகு, கிளப்பு வெளக்க அணைக்கிறதுக்கு முன்னாடி அவரு மட்டும் ஒரு கை ஆடுவாரு. நடுவுல விடாம அம்பது எடுத்தா ஒரு கோடு. அன்னிக்கு மட்டும் சோத்துக்கு ஒக்காரும்போதே சிரிச்சுக்கிட்டு வருவாரு. 'இன்னிக்கு ஒண்ணு போட்டேன்'பாரு. எனக்கு என்ன அம்பதோ, ஏது அம்பதோ. இவ பொறந்த அன்னிக்கு ராத்திரி கூட ஒண்ணு போட்டாரு."

தங்கை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். எந்தக் கோடு அது என்று அவள் கேட்டாள். அம்மாவுக்குத் தெரியாது. மீந்திருக்கும் நான்கில் ஒன்றா, நான் தேய்த்துப் போட்ட ஏழில் ஒன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. "பரவால்லண்ணே, விடு" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போய்விட்டாள். காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தாள், நானும் கேட்கவில்லை.

இருபத்தோரு ஆண்டில் பதினொரு இரவுகள். துரைமார் எண்ணிக்கையைப் பலகையில் ஏற்றிய மனிதர், தம் எண்ணிக்கையை ஏற்ற வேறு பலகை இல்லாமல் இதில் போட்டிருக்கிறார்.

ஆப்பேக்கிடம் சொன்னேன். படம் இருக்கிறதே, அதைப் பார்த்து அதே இடத்தில் ஏழையும் கீறிவிடலாம், வித்தியாசமே தெரியாது என்றார். ஒட்டுத்துண்டையும் எடுத்துவிட்டுக் கருங்காலியே வைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். ஒரு மாலை முழுதும் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடவில்லை. ஐம்பது எடுத்தவன் நானல்லவே. ஒட்டுத்துண்டும் அப்படியே இருக்கிறது. அதன்மேலும் எண்ணெய் தேய்த்தேன். இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது, பார்க்க அழகாகவே இருக்கிறது.

இப்போது பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஒன்றிரண்டு கோல்கள் என்னிடம் வருகின்றன. பணம் வாங்குவதில்லை, தோல் முனைக்கும் எண்ணெய்க்கும் ஆகும் வெள்ளியைக் கொடுத்தால் போதும். சென்ற மாதம் ஓய்வுபெற்ற கிராணியார் ஒருவரின் பேரன் ஒரு கோலைக் கொண்டுவந்தான். அதன் பிடியில் 'ஆர்' என்ற எழுத்து அரைகுறையாக வெட்டியிருந்தது. இது யார் போட்டது, எப்போது போட்டது, வீட்டில் கேட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் வரவில்லை.

அப்பாவின் கோலை எடுத்துக்கொண்டு சில சனிக்கிழமைகளில் கிள்ளான் மாடிக்குப் போகிறேன். தலையைக் குனிவதில்லை. ஆப்பேக் எதிரே உட்கார்ந்து எண்ணுவார். இதுவரை நான் விடாமல் எடுத்த அதிகபட்சம் பதினேழு.