கட்டுச்சோறு

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, கோவிலிலிருந்து பங்கு இல்லம் நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பின்னால் ஓடிவந்த பீடச்சிறுவன் ஒருவன் நம் இடக்கால் செருப்பை நீட்டினான். "சாமி, இது கெபி பக்கத்துல கழன்று கிடந்துச்சு" என்றான். செருப்பு கழன்றதையோ, கல்லையும் மணலையும் மிதித்து வந்ததையோ நம் பாதம் நமக்கு உணர்த்தவில்லை. அன்றுதான் முதன்முதலாக அஞ்சினோம்.

அதற்கு ஓராண்டு முன் நம் வலக்கண் சில வாரங்கள் மங்கித் தெளிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், எம்.ஆர்.ஐ. படமும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் எடுத்தபின் நோயின் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தண்டுவட மரப்பு நோய் என்பர் தமிழில். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைப் பகையெனக் கருதித் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் மூளையின் கட்டளை தடுமாறுகிறது. பாரிசு நகர மருத்துவர் ஷார்கோ 1868ஆம் ஆண்டிலேயே இதைத் தனி நோயாக விளக்கிவிட்டார். ஆயினும் முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. நமக்கு ஊசி எழுதிக் கொடுத்தார்கள்.

குணமில்லை என்ற சொல்லைக் கேட்டவன் சும்மா இருப்பதில்லை. தன் கைக்கு எட்டுவது எதுவோ அதைப் பற்றிக்கொள்கிறான். நம் கைக்கு எட்டியது சோற்றுத்தட்டு.

ராய் ஸ்வாங்க் என்ற நரம்பியல் மருத்துவரைப் பற்றிப் படித்தோம். நார்வே நாட்டில் பாலும் வெண்ணெயும் மிகுதியாக உண்ட உள்நாட்டு உழவரிடையே இந்நோய் மிகுந்தும், மீன் உண்ட கடற்கரை மக்களிடையே குறைந்தும் காணப்படுவதை 1952இல் எழுதியவர் அவர். நிறைவுற்ற கொழுப்பு நாளொன்றுக்கு 20 கிராமைத் தாண்டாத உணவை நோயாளிகளுக்கு வகுத்தார். 144 பேரை 34 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, கட்டுப்பாட்டைக் காத்தவர்கள் நலமாக இருந்ததாக 1990இல் வெளியிட்டார்.

கடற்கரைப் பங்கில் பணிபுரிந்த நமக்கு இச்செய்தி வானதூதர் வாக்காகவே ஒலித்தது. தேங்காய், நெய், இறைச்சி யாவற்றையும் ஒதுக்கினோம். சாளை மீனும் கீரையும் போதுமென்றோம். சில வாரங்களில் உடல் இலேசானது. களைப்பும் குறைந்ததாகத் தோன்றியது. அவ்வேளையில் நலம்விரும்பி ஒருவர், "உணவே மருந்து, ஊசியை விடுங்கள், உடல் தானே சீராகும்" என்றார். விட்டோம். அதற்கு நோன்பு என்று பெயரும் சூட்டிக்கொண்டோம்.

எட்டாம் மாதம் பெரிய வியாழன் வந்தது. பாதம் கழுவும் சடங்கில் ஆறாமவர் முன் மண்டியிட்ட நாம் எழ முடியவில்லை. இடுப்புக்குக் கீழே இரு கால்களும் நம்முடையனவாக இல்லை. நம்மால் பாதம் கழுவப்பட்ட முதிய மீனவர், ஈரக்காலோடு குனிந்து, வலை இழுத்துப் பழகிய கைகளால் நம்மை அக்குளில் தாங்கித் தூக்கினார். எஞ்சிய ஆறு பேரின் பாதங்களை உதவிப் பங்குத்தந்தை கழுவினார்.

ஊசி போட்டிருந்தால் அத்தாக்குதல் வந்திராது என்று எவரும் அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் கையிலிருந்த கவசத்தைக் கழற்றி எறிந்தது நாமே. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "தட்டையும் மாற்றுங்கள், மருந்தையும் எடுங்கள். ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனைக் கட்டிலில் தானியேலை நினைத்தோம். அரச உணவை மறுத்த அந்த இளைஞர், பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றார். பிற இளைஞரோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை மேற்பார்வையாளரிடம் விட்டார். நாமோ நம் சோதனைக்கு நாமே நடுவராக அமர்ந்திருந்தோம். ஸ்வாங்கின் ஆய்விலும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடவில்லை. நோய் முற்றியவர்களால் கட்டுப்பாட்டைக் காக்க இயலாமற் போயிருக்கலாமே என்ற ஐயம் அதில் எழுகிறது. பின்னர் 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஸ்வாங்க் முறையையும் மருத்துவர் டெரி வால்ஸ் வகுத்த முறையையும் ஒப்பிட்டது. இரண்டிலுமே களைப்பு குறைந்தது. இது சிறு நன்மையன்று. களைப்பே இந்நோயின் கனத்த சிலுவை. எனினும் களைப்பு தணிவது ஒன்று, நோய் நீங்குவது வேறொன்று.

நம் நோன்பில் இன்னொரு பிழையும் இருந்தது. நோயை மக்களுக்கு மறைத்திருந்தோம். இல்லச் சந்திப்புகளில் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவோம். விதவைத் தாயொருவர் ஒருநாள் வாசலில் மறித்து, "எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதா, சாமி?" என்று கேட்டார். அக்கேள்வி ஊசியைவிட ஆழமாக இறங்கியது. திரும்பி அமர்ந்து உள்ளதைச் சொன்னோம். அவர் வேறெதுவும் பேசவில்லை. அடுத்த அன்பியக் கூட்டத்தன்று, தேங்காய் அரைக்காத சாளைக் குழம்பு தனிச் சட்டியில் நமக்காகக் காத்திருந்தது. புளி சற்றுத் தூக்கல். ஆனாலும் அதுபோன்ற விருந்தை நாம் உண்டதில்லை.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயுற்றவரைக் காணச் செல்லும்போது மருந்து சொல்லாதீர்கள். அவரால் உண்ணக்கூடியது எது என்று கேளுங்கள். நோயுற்றவர்களே, பத்தியம் காக்க விரும்பினால் காத்திடுங்கள்; அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சூரைச்செடியின் அடியில் சாகவேண்டிப் படுத்த எலியாவுக்கு வானதூதர் அப்பமும் நீரும் தந்தார். அந்த அப்பம் பாலைநிலத்தைச் சுருக்கவில்லை; நாற்பது நாள் நடப்பதற்கு வலுவைத்தான் தந்தது. இன்று ஊன்றுகோலோடு பீடத்தின் படியேறுகிறோம். ஊசியும் தொடர்கிறது, கீரையும் மீனும் தொடர்கின்றன. அவை நமக்குக் கட்டுச்சோறு. கட்டுச்சோறு பயணத்தை முடித்துவைப்பதில்லை. அடுத்த காதத்திற்குத் துணை வருகிறது. அதைக் கட்டிக் கொடுத்த கைகளை நன்றியோடு நினைத்து, அடுத்த படியில் கால் வைக்கிறோம்.