முற்றத்துத் தூண்

வீட்டு வேலை முடிந்ததா என்று வில்லியனூரிலிருந்தும் பிரான்சிலிருந்தும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். முடிந்தது. ஒரு தூண்தான் ஆறு மாதம் இழுத்துவிட்டது.

எங்கள் பாகூர் வீட்டு முற்றம் உங்களுக்குத் தெரியும். நாலு பக்கமும் தாழ்வாரம், மூலைக்கொரு தேக்குத் தூண், நடுவில் அம்மா வைத்த செம்பருத்தி. அதில் ஒரு தூண் அடியில் இற்று, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. சிமெண்ட் தூண் போட்டு, மேலே கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்றார் மாப்பிள்ளை. மழை உள்ளே விழாத முற்றம் எனக்கு வேண்டாம்.

‘பர்மா தேக்கு’ என்று சொன்னதை நம்பி ஒரு கட்டை வாங்கி வந்தேன். வேலைக்கு வந்த தச்சர் என் பழைய மாணவன். (அவர் என்று எழுதினால் கோபித்துக்கொள்கிறான், அதனால் அவன்.) வெட்டுமுகத்தைப் பார்த்ததுமே, “சார், பாதிக்கு மேல் வெள்ளை” என்றான். மரத்தின் நடுவில் இருப்பதுதான் வைரம். வெளிப்புற வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சிக்கும் கரையானுக்கும் அதுதான் தீனி. பர்மாவோ 2014லேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கானா, ஈக்வடார் தோட்டத் தேக்கும் இப்போது நிறைய வருகிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இளமரமாக வெட்டினால் வைரம் குறைவு. இதையெல்லாம் அறிவியல் பாடத்தில் நடத்தியவன் நான்!

“கொட்டகையில் கிடக்கிறதே சார், அது என்ன?” என்றான். 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்த அன்று, எங்கள் கொல்லையில் அப்பா வைத்த பலாவும் விழுந்தது. விறகுக்கு விற்க மனமில்லாமல் அறுத்து அடுக்கி வைத்திருந்தேன். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது தச்சர் கணக்கு. நம் கட்டை அதற்கு மேலேயே காய்ந்திருந்தது. தட்டிப் பார்த்தான், கணீரென்றது. பலாவின் வைரத்தைக் கரையான் சுலபத்தில் தொடாது. “9 அடி நீளம், அரையடிக்கு அரையடி. இரண்டேகால் கன அடி” என்று மனக்கணக்காகவே சொல்லிவிட்டான்.

எட்டாம் வகுப்பில் பின்னம் வராததற்காக, “நீ மரம் இழைக்கத்தான் லாயக்கு” என்று வகுப்பு நடுவில் திட்டியது இவனைத்தான். அன்று காலை மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஞாபகமே இல்லை சார்” என்றான். காபி குடித்து முடித்தபிறகு, “மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்” என்றான். கேட்டவர்கள் நாற்பது பேர். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்: அன்று நான் சொன்னது தப்பு.

பழைய தூண் இற்றதற்குக் காரணமும் அவன்தான் கண்டுபிடித்தான். டைல்ஸ் போடுகிறேன் என்று நான் தரையை உயர்த்தியதில், தூணைத் தாங்கிய கருங்கல் புதைந்துபோயிருந்தது. மரத்தின் அடிமுகம் திரி மாதிரி ஈரத்தை உறிஞ்சிவிடுமாம். இப்போது கல்லை ஒரு சாண் தூக்கி வைத்திருக்கிறான்.

பலா இன்னும் மஞ்சளாக, மற்ற மூன்றோடு ஒட்டாமல் நிற்கிறது. போகப் போகச் சிவந்து கறுத்துவிடுமாம். மஞ்சளாக இருக்கும்போதே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.