இழுக்கும் ரம்பம்

காய் நறுக்கும்போது பாட்டி உட்காரும் பிளாஸ்டிக் ஸ்டூலின் கால் விரிந்துவிட்டது. "நானே மரத்துல செஞ்சு தர்றேன் பாட்டி" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்த ஒரே ரம்பம் துருவேறிக் கிடந்தது.

வேலை முடிந்து வந்து இரண்டு வாரம் இரவெல்லாம் ரம்பங்களைப் பற்றியே படித்தேன். நம் ஹார்ட்வேர் கடை ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானிய ரம்பமான நொக்கோகிரி இழுக்கும்போது அறுக்கும். மெல்லிய தகட்டைத் தள்ளினால் அது வளைந்து மடங்கும். இழுத்தால் விறைத்து நேராக நிற்கும். அதனால்தான் அந்த ரம்பத்தை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. அறுக்கும் பள்ளம் குறுகலாக விழுவதால் கைக்கும் வேலை குறைவு. இயந்திரப் பொறியியலில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த விஷயம் இது.

தொசுகியின் முதுகில் கெட்டியான பட்டை உண்டு. நுணுக்கமான இணைப்புகளுக்கு நல்லது, ஆனால் அந்தப் பட்டை இடிப்பதால் ஆழமாக அறுக்க முடியாது. கதபாவுக்கு ஒரு பக்கம் மட்டும் பல். ரியோபாவுக்கு இரண்டு பக்கமும் பல்: ஒன்று மரத்தின் நாரோட்டத்தில் பிளக்க, மற்றது குறுக்கே வெட்ட. 240 மில்லிமீட்டர் ரியோபாவை எடுத்தேன். சுகி, ஹினோக்கி போன்ற மென்மரங்களை அறுத்துப் பழகிய ஊரின் ரம்பம் அது. நான் வாங்கியிருந்ததோ ரப்பர் பலகை, அவற்றைவிடக் கடினம். மின்சாரத்தில் சூடேற்றிக் கடினமாக்கிய பல்லை அரம் போட்டுத் தீட்டவும் முடியாது. எனவே தகட்டை மட்டும் மாற்றக்கூடியதாக வாங்கினேன்.

முதல் வெட்டிலேயே பழக்கதோஷத்தில் தள்ளினேன். தகடு வளைந்து ஒரு பல் போனது.

வாசல்படியில் இருந்து பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளாதய்யா, ஒம்பக்கமா இழு. அமுக்காத. அதுவே எறங்கும்."

"எப்படித் தெரியும் பாட்டி?"

"பால்மரத்துக்கு உளிய எப்படிப் புடிப்போம்? இழுத்துத்தானே சீவணும். அமுக்குனா மரத்துல காயம் பட்டுரும், மண்டோர் கத்துவாரு."

எனக்குப் புல்லரித்தது. நான்கு வருடப் படிப்பு பாட்டியின் கையில் ஏற்கனவே இருந்திருக்கிறது என்று அங்கேயே மனதுக்குள் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பாட்டி வலது தோளைத் தடவிக்கொண்டார். "இழுத்து இழுத்துத்தான் இந்தத் தோளு போச்சு."

அவருக்குத் தினமும் அம்மாதான் கொண்டை போட்டுவிடுகிறார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மனதில் எழுதிய கட்டுரையை அங்கேயே விட்டுவிட்டேன். எனக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. கை வலித்தால் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு மைலோ குடிக்கலாம். அவருக்கு விடிவதற்கு முன்பே தொடங்கும் கூலிவேலை. தோள் வலிக்கிறது என்று மரத்தைப் பாதியில் விட்டுவர முடியாது.

"இது என்ன மரம்யா?"

"உங்க பால்மரம்தான் பாட்டி."

பலகையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "எங்க காலத்துல இத வெறகா எரிச்சோம்."

ஸ்டூல் முடிய மூன்று வாரம் ஆனது. லேசாக ஆடும். பாட்டி அதில்தான் உட்காருகிறார். எழும்போது இடது கையைச் சுவரில் ஊன்றுகிறார். அடுத்ததை இடப்பக்கம் கைப்பிடி வைத்துச் செய்ய வேண்டும். புதுத் தகடு வாங்கி வைத்திருக்கிறேன்.