பெயர் எழுதிய ஏடு

அஞ்சல் பெட்டி என்றதும் தெருமுனையில் நிற்கும் சிவப்புப் பெட்டியே நம் நினைவுக்கு வரும். தபால்காரர் வராத, பூட்டும் இல்லாத வேறொரு வகை அஞ்சல் பெட்டியும் உலகில் உண்டு. அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும். குறிப்புகளைக் கொண்டு அதனைத் தேடிக் கண்டுபிடிப்பது மேலைநாட்டினர் பலருக்கு ஓய்வுநேர இன்பம்.

1854-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றிய ஜேம்ஸ் பெரட் என்பவர், கிரான்மியர் குளம் என்னும் ஒதுக்கிடத்தில் கற்குவியலினுள் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் சென்றனர். பிற்காலத்தில் வந்தோர் தம் முகவரி எழுதிய அஞ்சலட்டையை விட்டுச்செல்ல, அடுத்து வருபவர் அதனை எடுத்துத் தபாலில் சேர்த்தார். பெயர்க்காரணம் இதுவே. இன்றோ பெட்டிக்குள் ஓர் ஏடும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். கண்டவர் தம் முத்திரையை அந்த ஏட்டிலும், பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டிலும் பதித்துவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட வேண்டும். 1998-இல் ஸ்மித்சோனியன் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரைக்குப் பின் இவ்வழக்கம் அமெரிக்காவில் பரவலாயிற்று.

அண்மையில் ஒரு கோடையில், நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு கொலராடோ மாநிலத்தின் லெட்வில் நகருக்குச் சென்றிருந்தோம். 10,000 அடிக்கும் மேலான உயரத்தில் ராக்கி மலைத்தொடரில் உள்ள பழைய சுரங்க நகரம் அது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஊருக்குக் கிழக்கே, சுரங்கக் கழிவு குன்றுகளாய்க் குவிந்து கிடக்கும் இடத்தில், நண்பரின் பத்து வயது மகள் குறிப்புத்தாளை வாசித்தபடி முன்னே நடந்தாள். பாதையோரத்துப் பைன் மரத்தூர் ஒன்றின் அடியில், கற்களுக்குப் பின்னால், சிறு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. முத்திரையில் ஒரு பிக்காசின் உருவம் கையால் செதுக்கப்பட்டிருந்தது.

"இதை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதா, அப்பா?" என்றாள் சிறுமி.

"அடுத்து வருகிறவர்களுக்கு என்னம்மா இருக்கும்?" என்றார் தந்தை.

நம்மிடம் முத்திரை ஏதும் இல்லை. எனவே பெயரையும் ஊரையும் நாளையும் பேனாவால் எழுதி வைத்தோம்.

அந்த மலையில் முன்பு மறைந்திருந்ததைக் கண்டவர் எவரும் அதனைத் திரும்ப வைத்ததில்லை. 1870-களின் இறுதியில் வெள்ளி கண்டெடுக்கப்பட்டதும் பல்லாயிரம் பேர் அங்கே திரண்டனர். 1893-இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதற்கான சட்டத்தை நீக்கியபோது விலை வீழ்ந்தது; சுரங்கங்கள் பல மூடப்பட்டன. செல்வம் சேர்த்தவர்களின் பெயர்கள் கட்டடங்களில் நிற்கின்றன. தோண்டியவர்களின் நிலை வேறு.

மாலையில் எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றோம். அங்கே கத்தோலிக்க ஏழைகளுக்கு இலவசமாய் விடப்பட்ட பகுதியில் 1,000-க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தினர், குழந்தைகள் பலர். சிலுவையோ கல்லோ இல்லை. மரங்களுக்கிடையே ஆங்காங்கே தாழ்ந்து குழிந்த மண்ணே அடையாளம். ஆயினும் பழைய அடக்கப் பதிவுகளில் அவர்தம் பெயர்கள் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தோரின் உழைப்பால், 2023-இல் அங்கே பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னம் எழுந்தது. ஒருவர் வயதோடு ஒருவர் வயதாக வாசித்துக்கொண்டே போனோம். சிறுமியும் வாசித்தாள், சற்று நேரத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தந்தையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

நூறாண்டுகளுக்கு முன் அப்பெயர்களை எழுதிவைத்தவர் யாராயினும், அவற்றைத் தேடி ஒருவர் வருவார் என்று எண்ணியிருக்க மாட்டார். அடக்கம் முடிந்தது, ஏட்டில் ஒரு வரி எழுதினார், அவ்வளவுதான். கல் நாட்ட வசதியற்ற தாய்க்கு, தன் பிள்ளை பிறந்து வாழ்ந்ததற்கு உலகில் எஞ்சிய சான்று அந்த ஒரு வரியே.

பங்குப் பணியில் முப்பது ஆண்டுகளாய் இறப்புப் பதிவேட்டில் எழுதி வருகிறோம். அடக்கம் முடிந்து, மழையிலோ வெயிலிலோ களைத்துத் திரும்பும் நாள்களில், "நாளை எழுதலாம்" என்று மனம் சொல்லும். லெட்வில் சென்று வந்த பின், கால் கழுவியதும் முதல் வேலையாக ஏட்டைத் திறக்கிறோம். இறந்தவரின் பெயரையும் தந்தை தாயின் பெயரையும் எழுத்துப் பிழையின்றி, உறவினரிடம் கேட்டே எழுதுகிறோம்.