ரா ஃபைல்ல எது? ஒரு டாக்டர் கணக்கு

1/ வெள்ளோடு சரணாலயத்துக்குக் கேமராவோட போற நண்பர்கள் அடிக்கடி கேக்கறது: "டாக்டர், நிக்கான்ல ரா-ன்னு வெச்சா அதுக்குள்ளயும் நாலஞ்சு வகை காட்டுது. எதை வைக்கறதுங்க?"

2/ சிடி ஸ்கேனை வெச்சுச் சொல்றேன். ஒரே ஸ்கேன்ல நுரையீரலையும் பார்க்கறோம், எலும்பையும் பார்க்கறோம். அதுல பொதுவா 12 பிட், அதாவது 4,096 சாயல்கள் இருக்கறதாலதான் முடியுது. அந்த ஃபிலிமை மொபைல்ல போட்டோ புடிச்சு அனுப்பினா 256தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் இல்லாதது தெரியாது.

3/ கேமராவுல ஜேபெக்கும் ஒரு நிறத்துக்கு அதே 256தான். 12 பிட் ராவுல 4,096; 14 பிட்ல 16,384. நிழல்ல உக்காந்த நீர்க்காகத்தோட கறுப்பு இறகை வெளிச்சமாக்கும்போது வித்தியாசம் புரியும்.

4/ அடுத்தது சுருக்கம். 'லாஸ்லெஸ்'ங்கறது பவானி ஜமுக்காளத்தை மடிச்சு வைக்கற மாதிரி. பிரிச்சா முழுசா வரும். வெறும் 'கம்ப்ரஸ்டு' கொஞ்சம் தகவலை எறிஞ்சுடும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, ஆனா திரும்ப வராது. சுருக்காதது இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

5/ ஆக, 14 பிட், லாஸ்லெஸ். சில மாடல்கள்ல 14 பிட் வேகத்தைக் குறைக்கும். பறக்கற கூழைக்கடாவை அடுக்கடுக்கா எடுக்கணும்னா 12 பிட் போதும்.

6/ கேமரா இல்லாதவங்களுக்கும் ஒண்ணு. ஸ்கேன் எடுத்தா ஃபிலிமோட நிறுத்தாதீங்க, டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க. உள்ள இருக்கற டைகாம்தான் உங்க ரா ஃபைல். ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கட்டி வளர்ந்திருக்கா, அப்படியே இருக்கான்னு ஒப்பிட எங்களுக்கு அதுதான் வேணும்.